பச்சைத் திரையில் ஒரு சித்தாள்

அந்தக் கம்ப்யூட்டர் சென்டரின் வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்’ என்று மேலே கன்னடத்தில் இருக்கும். ‘கேம்ஸ் ஆடக் கூடாது’ என்று கீழே சிவப்பில் இருக்கும். மேல் வரியை நான் ஒருநாளும் மீறியதில்லை. கீழ் வரியை மீறுவதற்காகவே பாடம் நடத்தினேன் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. கொஞ்சம்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. மைசூரில் சந்துக்குச் சந்து கம்ப்யூட்டர் சென்டர் முளைத்துக்கொண்டிருந்தது. எங்களுடையது மண்டி மொஹல்லாவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே. உள்ளே ஏசி அறை, கலர் மானிட்டர்கள். காலை பேட்ச்சுக்காரர்கள் அங்கே ப்ரோக்ராமிங் படித்தார்கள். வெளியே, வராந்தாவைத் தட்டி வைத்து மறைத்த அறையில் ஒரு ஃபேன், பச்சை எழுத்து மட்டுமே காட்டும் இரண்டு பழைய மெஷின்கள். அவற்றுக்கு ஹார்ட் டிஸ்க் கூடக் கிடையாது. எதைச் செய்தாலும் கறுப்பு ஃப்ளாப்பியில்தான் சேமிக்க வேண்டும், அதையும் முதலாளி பீரோவில் பூட்டி வைத்து பேட்ச்சுக்கு ஒன்று என்று கொடுப்பார். அந்த வராந்தா சாயங்கால பேட்ச்சுக்கு. அவர்களுக்கு டைப்பிங் மட்டும்தான் பாடம். அவர்களுக்கு டீச்சர் நான்.

சாயங்கால பேட்ச் என்பது மூன்று பெண்கள். மூத்தவர் ஊதுபத்தி ஃபாக்டரியில் வேலை முடிந்து நேராக வருவார். வரும்போதே அறை மணக்கும். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. இரண்டாவது, ஹனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். பி.யூ.சி.யில் கணக்கில் தவறியதால் சித்தி வீட்டில் தங்கி எதையாவது படி என்று அனுப்பப்பட்டவள். மூன்றாவது, ஒரு கட்டட மேஸ்திரியின் மகள். வீட்டில் தமிழ், ஆனால் கோபம் வந்தால் கன்னடம். அவளுக்கு அடிக்கடி கோபம் வரும், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

டைப்பிங்கை அவர்கள் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன செய்வது? அதே வாக்கியத்தை மறுபடி மறுபடி அடிக்கச் சொல்ல எனக்கே அலுப்பாக இருந்தது. ஒருநாள் பேசிக் மொழி இருந்த ஃப்ளாப்பியைப் போட்டு, ஒரு எழுத்தைத் திரையில் நகர்த்திக் காட்டினேன். மேஸ்திரி மகள் கேட்டாள்: “மேடம், இது ஏறுமா?”

“எதன்மேல?”

“சாரத்து மேல. எங்கப்பா கட்டற மாதிரி பலகை பலகையா கட்டி, அதுல ஒரு சித்தாள் ஏறணும். ஆகுமா?”

அன்றைக்கு ஆரம்பித்தது. கடைகளில் காசு போட்டு ஆடும் விளையாட்டுகளில் தாவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஆம்பிளைகள். யாரையோ காப்பாற்றப் போகிறவர்கள். எங்களுடையவள் தலையில் பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் மணல் சுமந்து மாடிக்குப் போகிறவள். படம் வரைகிற வசதி அந்த மெஷினில் இல்லை. ஆங்கில A ஒன்றைப் போட்டால் சேலை கட்டின உடம்பு. அதன் தலையில் U ஒன்றைப் போட்டால் பாண்டு. சமக்குறிகளை வரிசையாகப் போட்டால் பலகை. உச்சிப் பலகையில் மணலைக் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது.

சொல்வது சுலபம். முதலில் அவள் எகிறவே இல்லை. எகிறு என்றால் மேல் பலகையில் சட்டென்று தோன்றினாள், பேய் மாதிரி. எகிறுவது என்பது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவதில்லை, வேகம் குறைந்து குறைந்து நின்று, பிறகு கூடிக் கூடி இறங்குவது என்று விளக்க வேண்டியிருந்தது. பாத்திரக் கடையில் திருஷ்டிக்கு வைத்திருந்த எலுமிச்சை ஒன்றை வாங்கி மேலே எறிந்து காட்டினேன். உச்சியில் ஒரு கணம் நிற்கிறதா, அந்தக் கணத்தில் வேகம் எவ்வளவு என்று கேட்டேன். ஹனூர்ப் பெண், “ஒண்ணுமில்லீங்க, பூஜ்யமுங்க” என்றாள். கணக்கில் தவறியவளாம்!

திரையில் வரிசைகள் மேலிருந்து கீழே எண்ணப்படும். அதனால் மேலே போகக் கழிக்க வேண்டும், கீழே வரக் கூட்ட வேண்டும். எகிறும் வேகம் மைனஸ் மூன்று, ஒவ்வொரு சுற்றிலும் அதோடு ஒன்றைக் கூட்டு, அவ்வளவுதான் புவியீர்ப்பு. இதைப் புரிந்துகொண்ட அன்று அக்கா ஃபாக்டரி அலுப்பையெல்லாம் மறந்து சிரித்தார். “கூட்டினா கீழ வர்றா, கழிச்சா மேல போறா. நம்ம சம்பளத்துக்கு நேர்மாறு” என்றார்.

அடுத்து, சித்தாள் பலகையில் நிற்காமல் அதை ஊடுருவிக் கீழே விழுந்தாள். மூவரும் மெஷினைத் திட்டினார்கள். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன். மேஸ்திரி மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சரி, எழுந்திருங்கள் என்று படிக்கட்டுக்குக் கூட்டிப்போனேன். இது என் வழக்கம். ஒருத்தி சித்தாள், ஒருத்தி கம்ப்யூட்டர், ஒருத்தி பலகையைக் கவனிக்கிறவள். கம்ப்யூட்டர் சொந்த மூளையைப் பயன்படுத்தக் கூடாது, எழுதியிருப்பதை மட்டும் படிக்க வேண்டும். “மூணு படி இறங்கு” என்றது கம்ப்யூட்டர். அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொம்மென்று மூன்று படி தாண்டி இறங்கினார். பலகையாக நாங்கள் வைத்திருந்த படி அவர் காலடியில் சிக்கவே இல்லை.

“தாண்டிட்டாங்க!” என்று கத்தினாள் மேஸ்திரி மகள். “ஒரே அடியா மூணு இறக்கினா நடுவுல இருக்கறதைப் பாக்கவே இல்ல. ஒண்ணொண்ணா இறக்கணும், ஒவ்வொரு தடவையும் காலுக்குக் கீழ பலகை இருக்கான்னு கேக்கணும்.”

சரியாக அந்த நேரத்தில்தான் முதலாளி மாடிப்படி ஏறி வந்தார். அவரும் தமிழர்தான். அக்ரஹாரத்தில் தாத்தா காலத்திலிருந்தே சொந்த வீடு.

“என்னம்மா இது, டான்ஸ் கிளாஸா?”

ப்ரோக்ராமிங் கிளாஸ் என்றேன். அவர் வராந்தாவுக்குள் எட்டிப் பார்த்தார். திரையில் சித்தாள் பச்சையாக நின்றுகொண்டிருந்தாள்.

“கேம்ஸா? போர்டு படிக்க வராதா உனக்கு?”

“ஆடலை சார். செய்யறாங்க.”

“இவங்களுக்கு எதுக்கும்மா ப்ரோக்ராமிங்? சும்னே தலைய உடைச்சுக்காதே. தசரா முடிஞ்சதும் ஃபாரம் டைப் பண்ற கான்ட்ராக்ட் வருது. எனக்கு ஆள் வேணும். மூணு பேரும் டேட்டா என்ட்ரில உக்காரட்டும், நாலு காசு பாக்கட்டும்.”

அவருக்கு வேண்டியது கைகள். தலைகள் காலை பேட்ச்சில் இருந்தன, காலை பேட்ச் அதிக ஃபீஸ் கட்டியது. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. “தலை இருக்கிறவங்ககிட்ட கையை மட்டும் கேட்டா எப்படி சார்? இதே கேமை உங்க காலை பேட்ச் பண்ணிக் காட்டட்டும் பாக்கலாம்” என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. ஆனால் மனிதருக்குப் பந்தயம் பிடிக்கும். “சரி. விஜயதசமி அன்னிக்கு எங்க வீட்டு ஜனமெல்லாம் ஊர்வலம் பாக்க இங்க மொட்டை மாடிக்கு வரும். சாயங்காலம் நான் கீழ வந்து பாக்கறேன். உன் கை கீபோர்டு மேல படவே கூடாது. ஓடிச்சுன்னா இவங்க ப்ரோக்ராமிங்குல சேரட்டும், அதே ஃபீஸ்ல. ஓடலைன்னா டேட்டா என்ட்ரி. நீயும் வேற எடம் பாத்துக்க.”

சரி சார் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா ஃபாக்டரியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தோற்றால் அந்த மூவரும் அவர் சொன்னதே சரி என்று நம்பிவிடுவார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாளிலிருந்து என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாத்தியார் வேலையிலேயே கஷ்டமான பகுதி அதுதான். தப்பு கண்ணுக்கு நேரே தெரியும், ஒரு காற்புள்ளிதான், ஒரு விரல் நீட்டினால் போதும். நீட்டினால் மேஸ்திரி மகள், “மேடம், கை” என்பாள். கையை இழுத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை வந்தது விழுவதைப் பற்றி. சித்தாள் கடைசிப் பலகை தவறித் தரையில் விழுந்தால் என்ன ஆக வேண்டும்? மற்ற விளையாட்டுகளில் இருப்பதையே சொன்னேன்: மூன்று உயிர் கொடுப்போம், மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. ஹனூர்ப் பெண் தலையாட்டினாள்.

“பேடா மேடம்” என்றாள் மேஸ்திரி மகள். வேண்டாம் என்று. “எங்கம்மாவும் சாரத்துலேர்ந்து விழுந்தாங்க. சாகலியே. கால்தான் கொஞ்சம் இழுக்கும். மறுபடி ஏறினாங்க, நான் படிக்கணும்னு. விழுந்தா செத்துப்போறது யாரோ உக்காந்த எடத்துல யோசிச்சது.”

பிறகு ஹனூர்ப் பெண், “அப்படீன்னா மணல் மட்டும் கொட்டட்டுங்க. பாண்டு காலியாயிரும். அவ எந்திரிச்சு, மறுக்கா ரொப்பிக்கிட்டு ஏறட்டுங்க. அதை நான் எழுதறேனுங்க” என்றாள். ஆட்டம் முடிந்தது என்ற வரியே எங்கள் விளையாட்டில் இல்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும், ஏறிக்கொண்டே இருக்கலாம்.

இப்படியாக மூவரும் மூன்று பகுதிகளுக்குச் சொந்தக்காரிகள் ஆனார்கள். பலகைகளும் அவற்றில் நிற்பதும் மேஸ்திரி மகள். எகிறுவது அக்கா. விழுவதும் எழுவதும் ஹனூர்ப் பெண். தசராவுக்கு முன்பே சித்தாள் உச்சியில் மணலைக் கொட்டிவிட்டாள். அக்கா ஃப்ளாப்பியை உறையிலிட்டு, ஜாக்கிரதையாக வைத்துக்கொள்ள நானே இருக்கிறேன் என்று பையில் போட்டுக்கொண்டார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆயுத பூஜை வந்தது. மைசூரில் அன்றைக்குப் பூஜை நடக்காத பொருள் கிடையாது. ஆட்டோவுக்கு வாழைக்கன்று, தராசுக்குப் பொட்டு, எங்கள் மானிட்டர்களின் நெற்றியில் பட்டை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடுவதில்லை. அக்கா வீட்டில் அன்று பூஜையில் என்னென்ன இருந்தன என்று நான் கேட்கத் தோன்றவில்லை.

விஜயதசமி அன்று மதியம் நால்வரும் சென்டரில் கூடினோம். அக்கா பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தார். அதன் நடுவே, உள்ளிருக்கும் தட்டு வெளியே தெரியும் நீள்வட்டத் துளையில், கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

“அக்கா, அந்த எடத்துலயா?”

“கண்ணு மாதிரி இருந்திச்சு மேடம். பூஜைல எதுக்கானாலும் கண்ணுக்குத்தானே முதல்ல பொட்டு. எங்க ஃபாக்டரி மிஷினை விட இதுதானே எனக்கு ஒசந்தது, அதான் நடுவுல வெச்சு நெறையாவே பூசினேன்.”

மெஷின் படிப்பதும் எழுதுவதும் அந்தத் துளை வழியாகத்தான். ஒரு மாதமாக அதை விரலால் தொடாதீர்கள் என்று சொல்லி வந்தவள் நான். விரலால்தான் தொடக் கூடாது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். சுவாமிக்கு வைக்கும் பொட்டு விரல் கணக்கில் வருமா? அவர் பதறிப்போய் முந்தானையால் துடைக்க, சந்தனம் தட்டெல்லாம் இழுபட்டது. இருந்தாலும் ஆசை விடவில்லை, மெஷினில் போட்டோம். அது கரகரவென்று அரைத்தது, படிக்க முடியவில்லை என்றது. அத்தோடு அந்த டிரைவும் போனது. பக்கத்து மெஷினில் பேசிக் ஃப்ளாப்பியைப் போட்டோம், ஆனால் அதில் சேமிக்க இடமில்லை. வேறு ஃப்ளாப்பிகள் முதலாளியின் பீரோவில்.

அக்கா அழ ஆரம்பித்தார். என்னைத் திட்டுங்கள் மேடம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று கடவுளிடம் கொடுத்தவரை எப்படித் திட்டுவது? ஆனால் மேலே மொட்டை மாடியில் ஜமக்காளம் விரிக்கும் சத்தம் கேட்டது. முதலாளி வீட்டார் வந்துகொண்டிருந்தார்கள்.

“அவரு கீழ வர்றதுக்கு எவ்ளோ நேரம் இருக்கும் மேடம்?” என்று கேட்டாள் மேஸ்திரி மகள்.

“ஊர்வலம் பன்னிமண்டபம் பக்கம் போய் முடியற வரைக்கும்.”

“எனக்கு என் பலகையெல்லாம் தெரியும். யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாம்.” அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எழுதினார்கள். ஊர் மொத்தமும் ஊர்வல யானைக்காகத் தெருவில் நெரிந்துகொண்டிருந்தது. பேண்டு வாத்தியச் சத்தம் சந்துக்குள் புகுந்து வந்து தட்டியை அதிரவைத்தது. மொட்டை மாடியில் கைதட்டல், குழந்தைகளின் கூச்சல். கீழே அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் எகிறலை அடித்தார். ஒரு வரியும் மனப்பாடமாக வரவில்லை என்று முதலில் தவித்தார். “மனப்பாடம் வேண்டாம் அக்கா, எலுமிச்சை என்ன பண்ணிச்சு?” என்றேன். அவர் கண்ணை மூடினார், கையை மேலே தூக்கினார், இறக்கினார். பிறகு அடித்தார். பழைய வரிகள் இல்லை அவை, வேறு வரிகள். ஆனால் எலுமிச்சை சரியாக விழுந்தது.

சித்தாள் மறுபடி பலகையை ஊடுருவினாள். எனக்குக் காரணம் தெரிந்தது. விரல் தானாக நீண்டது.

“மேடம், கை.”

இழுத்துக்கொண்டேன். அவர்களே கண்டுபிடித்தார்கள்.

சாயங்காலம் முதலாளி பட்டு வேஷ்டி சலசலக்க இறங்கி வந்தார், பின்னால் அவர் மச்சினர். வந்ததும் பழக்க தோஷத்தில் ஃபேன் சுவிட்சுக்குக் கை நீட்டினார். மெஷினுடைய சுவிட்ச் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது.

“ஏனுங்க, அதைத் தொடாதீங்க!” என்று ஹனூர்ப் பெண் போட்ட கூச்சலில் அவர் கையை உதறிக்கொண்டார். அந்தப் பெண் அதுவரை அவர் முன்னால் வாயே திறந்ததில்லை. “எங்கயும் எழுதி வெக்கலீங்க. மிஷினு நின்னா எல்லாம் போயிருமுங்க.”

நடந்ததைச் சொன்னேன். ஃப்ளாப்பியைக் காட்டினேன். மச்சினர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. “அப்போ இது மத்தியானம் எழுதினதா? உன் கை...”

“மேடம் கை முதுகுப் பக்கமே இருந்திச்சு” என்றாள் மேஸ்திரி மகள். “நான் பாத்துட்டே இருந்தேன்.”

அவர் உட்கார்ந்து ஆடினார். மூன்றாவது பலகையில் தவறினார். சித்தாள் விழுந்தாள், மணல் கொட்டியது. ஆட்டம் முடிந்தது என்று அவர் கையை எடுத்துவிட்டார். அவள் எழுந்து நின்று பாண்டை நிரப்பிக்கொண்டாள். அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். மறுபடி ஏறினார். விழுந்தார். ஏறினார். மச்சினர் காப்பிக்கு அழைத்தது அவர் காதில் விழவில்லை.

உச்சிக்குப் போன பிறகு அவருக்குப் பந்தயம் நினைவு வந்தது. திரும்பி அக்காவைப் பார்த்தார். “நெட்டுரு போட்டு அடிச்சிருப்பே. எங்கே, இவளை இன்னும் ஒசர எகிற வை பாக்கலாம்.”

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், வேறென்ன செய்ய? அக்கா ஆட்டத்தை நிறுத்தினார், தன் வரியைத் தேடினார், மைனஸ் மூன்றை மைனஸ் ஆறாக்கினார், ஓடவிட்டார். சித்தாள் பலகை பலகையாகத் தாவிப் போனாள். உச்சியிலிருந்து ஒரு எகிறு எகிறியதும் திரை நின்றது, ஆங்கிலத்தில் தவறு என்று எழுதிக் காட்டியது.

“பாத்தியா?” என்றார் முதலாளி என்னிடம்.

அக்கா கலங்கவில்லை. கன்னத்தில் காய்ந்த கண்ணீரோடு திரையைப் படித்தார். “தப்பு அவ மேல இல்ல சார். மேல வரிசையே இல்ல. இவ இவ்ளோ ஒசரம் போவான்னு நாங்க நெனைக்கல. ஸ்கிரீன்தான் சார் பத்தல.”

சொல்லிவிட்டு, முதல் வரிசைக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு வரியை எழுதிச் சேர்த்தார். ஓடவிட்டார். சித்தாள் எகிறிக் கூரையைத் தொட்டுவிட்டு இறங்கி நின்றாள்.

முதலாளி எழுந்தார். அவர்களைப் பார்க்காமல் என்னிடம், “காலை பேட்ச்சுல வந்து உக்காரச் சொல்லு” என்றார்.

“காலைல ஃபாக்டரி சார்” என்றார் அக்கா. “சாயங்காலமே வெய்யுங்க.”

அவர் பீரோச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “முதல்ல ஒரு ஃப்ளாப்பி எடுத்து அதை எழுதி வைங்க” என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்.

பீரோவிலிருந்து ஒன்றை எடுத்துச் சேமித்து முடித்தோம். அக்கா புது ஃப்ளாப்பியை உறையில் போட்டார். சும்மா விடுவாரா? உறையின் மேல்மூலையில் துளிக் குங்குமம் வைத்தார்.

“இப்பத் தொடலாம் மேடம்” என்றாள் மேஸ்திரி மகள், நாற்காலியை எனக்காகப் பின்னால் இழுத்தபடி.

அந்த விளையாட்டை நான் ஒருமுறைகூட ஆடியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தேன். முதல் பலகையிலேயே விழுந்தேன். மூவரும் சிரித்துக் கைகொட்ட, என் சித்தாள் எழுந்து பாண்டை நிரப்பிக்கொண்டாள்.